மாத்திரையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது

மாதவரம், மூலக்கடைப் பக்கத்தில் யாருக்காவது ஃபிட்ஸ் என்றால், பலரும் பஸ் ஏறுவது பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி மருத்துவமனைக்குத்தான். அரசு மருத்துவமனைகளில் வலிப்பு மாத்திரை இலவசம். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பு அடங்கும். ஆனால் அரசிலும் சரி, தனியாரிலும் சரி, மாத்திரையின் பக்கவிளைவை உட்கார வைத்துச் சொல்பவர்கள் குறைவு. கவரில் ‘காலை 1, இரவு 1’ என்றிருக்கும். பெட்டிக்குள் மடித்த தாளில் ஆங்கிலம், பொடி எழுத்தில். ஃபெனிடோயின் என்ற வலிப்பு மாத்திரை ஈறைத் தடிக்க வைக்கும். அளவு மிஞ்சினால் நடை தள்ளாடும், நாக்கு குழறும். குடோனில் மூட்டை தூக்குகிறவர் அப்படி வந்து நின்றால், குடித்திருக்கிறார் என்றே மேஸ்திரி நினைப்பார். வேலைக்குப் பயந்து அவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியிருப்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பெண்கள் நிலை இன்னும் மோசம். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடும் தாய்மார்களின் குழந்தைகளில் சுமார் 10 சதவீதத்தினருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. லெவெடிரசெட்டம், லாமோட்ரிஜின் மருந்துகளில் இது 3 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. வால்ப்ரோயேட் பாதிக்கக்கூடிய, கருவின் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். அதற்குள் தான் முழுகாமல் இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது. அதனால் இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். அங்கேதான் வாய் அடைத்துப்போகிறது. இந்து திருமணச் சட்டம் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. 1999-இல்தான் அதை நீக்கினார்கள். சட்டம் மாறியும், புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து விழுங்கும் பெண்கள் இருக்கிறார்கள். கார்பமாசெபின், ஃபெனிடோயின் இரண்டும் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்பதை இவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

பக்கவிளைவைச் சொன்னால் பயந்து மருந்தை விட்டுவிடுவார்கள் என்று மருத்துவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. கர்ப்பிணி தானாக நிறுத்தினால் வலிப்பே தாயையும் பிள்ளையையும் தாக்கும். ஆனால் சொல்லாததால் பயம் போய்விடவில்லை. அக்கம்பக்கத்தார் அரைகுறையாகச் சொல்வது அந்த இடத்தை நிரப்புகிறது. ஓபி கூட்டத்தில் நேரமில்லை என்பதும் உண்மைதான். அதற்கு ஒரு நர்ஸும், தமிழில் ஒரு பக்கத் தாளும் போதும். கார்பமாசெபின் தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலோடு தோல் தடித்தாலோ வாய் புண்ணானாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வா, பிள்ளை பெறும் எண்ணமிருந்தால் முன்கூட்டியே சொல், எதையும் நீயாக நிறுத்தாதே என்று அதில் எழுதி, கவரோடு பின் அடித்துத் தரலாம்.