வாசனை வரும்வரை வறுக்கவும்!

சமையல் குறிப்பு எழுதும் சகோதரிகளுக்கு இந்த வாரம் ஒரு பணிவான விண்ணப்பம். இனிமேல் 'வாசனை வரும்வரை வறுக்கவும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த வாசனை என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஏனென்றால், நான் குடியிருப்பது கடலூர் - சிதம்பரம் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில்!

மார்கழித் திருவாதிரை. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். முதல் நாள் தேருக்கே என் மனைவி அவள் அம்மாவோடு கிளம்பிவிட்டாள்.

"ஏங்க, நாளைக்கு தரிசனம் முடிஞ்சு சாயங்காலம் வந்துடுவோம். களி மட்டும் கிளறி வெச்சிடுங்க. ஏழு கறிக் கூட்டை நான் வந்து பார்த்துக்கறேன். அம்மாவும் வராங்க..."

கடைசி வார்த்தையில்தான் மிரட்டல்.

களி என்றால் லேசா? விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார், மழையில் விறகு நனைந்து விலை போகாத நாளில், வீட்டில் இருந்த மாவைக் களியாகக் கிளறி அடியாருக்குப் படைத்தாராம். மறுநாள் பார்த்தால் தில்லைக் கருவறையில் களி சிந்திக் கிடந்ததாம். இல்லாதப்பட்டவர் வீட்டுப் பண்டம், அன்றிலிருந்து ஆண்டவனுக்கு நைவேத்தியம்.

நான் பி.காம். அளவுகளை ஐந்தொகை மாதிரி எழுதி வைத்துக்கொண்டேன். பச்சரிசி ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், வெல்லம் ஒன்றரை, தண்ணீர் இரண்டரை. கணக்கு டாலி!

வாணலியில் அரிசியைப் போட்டேன். வாசனை வந்தது. ஏதோ தீயுற வாசனை. 'வெளியேயிருந்துதான் வருது' என்று ஜன்னலைச் சாத்தினேன். அதிகமாயிற்று. 'காத்து இந்தப் பக்கம் திரும்பிடுச்சு' என்று கதவையும் சாத்தினேன். கண் எரிந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். வாணலியில் அரிசி இல்லை, கருஞ்சீரகம் இருந்தது!

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் மூக்கின் கதை பெரிய கதை. 1980-களில் இங்கே ரசாயன ஆலைகள் வந்தன. நாற்றம் என்று ஜனங்கள் புகார் சொன்னார்கள். 'ஆதாரம் என்ன?' என்ற கேள்விதான் மிச்சம். 2004-ல் கிராமத்து ஆட்களே கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். எந்த நேரம், எந்த இடம், என்ன மாதிரி நாற்றம் என்று பயிற்சி எடுத்துக்கொண்டு குறித்து வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து, பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். நாற்றத்துக்கே பேரேடு போட்ட ஊர் ஐயா இது! எந்த காலேஜிலும் சொல்லித்தராத அக்கவுண்டன்ஸி.

அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, என் வீட்டு அடுப்புப் புகைக்கும் அடுத்தவர் மேல் பழி போட்டிருக்கிறேன் பாருங்கள்!

புகையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஆயா வந்தார். "என்னா தம்பி, போகியை முன்னாடியே கொண்டாடுறியா?"

விஷயத்தைச் சொன்னேன். ஆயா மறுபடி அரிசி போடச் சொன்னார். "மூக்கை நம்பாத தம்பி. கண்ணால பாரு, காதால கேளு. அரிசி வெள்ளை வெளேர்னு மாறி, ஒண்ணு ரெண்டு படபடன்னு பொரியும். அங்க நிறுத்து."

பொரிந்தது, நிறுத்தினேன். பருப்பு சிவந்தது, நிறுத்தினேன். இரண்டையும் ரவையாக உடைத்து, கொதிக்கிற வெல்லத் தண்ணீரில் கொட்டிக் கிளறி, மூடி வேகவைத்து, தேங்காய்ப்பூ, நெய், ஏலக்காய், முந்திரி எல்லாம் சேர்த்து இறக்கினேன்.

"ஆயா, வாசனை சரியா இருக்கா?"

ஆயா குனிந்து பார்த்தார். "நீதான் சொல்லணும் தம்பி. எனக்கு மோப்பம் விட்டுப்போயி வருஷக்கணக்காச்சு. வயசோ, காத்தோ... யாரு கண்டா?"

சொல்லிவிட்டு, ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஆனா ருசி இருக்குப்பா" என்றார். எனக்குத்தான் களி தொண்டையில் நின்றது. போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமியார், "தெருமுனையிலயே ஏலக்காய் வாசனை தூக்குச்சு மாப்பிள்ளே!" என்றார்.

எங்கள் ஊர்ப் பேரேட்டில் வரவுப் பக்கம் என்று ஒன்று இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்: மாலை மணி 5. ஏலக்காய், நெய்.