கட்டைவிரல் சொன்ன சேதி

கோவிலூரில் எங்கள் அம்மான் வீட்டுக் கொட்டகையிலே, ஐயா காலத்து பெர்குஸன் டிராக்டர் ஒன்று உண்டு. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரில் செய்த சாம்பல் நிற ரகம். அம்மான் அதன் இன்ஜினைப் பிரித்துப் புதுப்பித்துப் பூட்டினார். ஸ்டார்ட் செய்தாலோ, கார்புரேட்டர் வழியே 'டப்'பென்று வெடித்ததே தவிர, ஓடக் காணோம்!

"பெட்ரோல் வருகிறது, பொறியும் வருகிறது. பின்னே என்ன கேடு?" என்றார் அம்மான்.

"எண்ணெய் காய்கிற நேரம் பார்த்துத்தானே கடுகு போடணும், தம்பி?" என்றார்கள் ஆயா.

அதேதான் விஷயம்! பிஸ்டன் இரண்டு சுற்றில் இரு முறை உச்சிக்கு வருகிறது. ஒரு முறை பெட்ரோல் காற்றை அமுக்க, மறுமுறை புகையைத் தள்ள. அமுக்கும்போதுதான் பொறி விழ வேண்டும்.

பழைய மேஸ்திரி ஒருவர் வந்தார். ரேடியேட்டர் பக்கத்து முதல் பிளக்கைக் கழற்றி, துவாரத்தைக் கட்டைவிரலால் மூடி, இன்ஜினை மெல்லச் சுற்றச் சொன்னார். காற்று விரலைத் தள்ளியது. பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் நிறுத்தி, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே ரோட்டார் நாலாவது வயரைக் காட்டிக்கொண்டு நின்றது! சரியாக அரைச் சுற்றுப் பிசகு. முதல் வயரை அங்கே மாற்றி, மற்றவற்றை ரோட்டார் சுற்றும் திசையில் 3, 4, 2 என்று வரிசையாகப் பூட்டினார்.

"பொறி முந்தினால் கைப்பிடி திருப்பி அடிக்கும், மணிக்கட்டே முறியும். கட்டைவிரலை வளைத்துப் பிடிக்காதீர்கள். மற்ற விரல்களோடு சேர்த்தே வையுங்கள்" என்று எச்சரித்தார்.

ஒரே சுழற்றல். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டு, ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.