சிமுலேட்டர் இருந்தால் லேப் வேண்டாமா?

இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்த மகனுக்காகவோ மகளுக்காகவோ கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகள் ஏராளம். எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு என்றால், அந்தக் கம்ப்யூட்டரில் முதல் சில மாதங்களுக்குள் ஒரு சர்க்யூட் சிமுலேட்டர் ஏறிவிடும். திரையில் ஒரு பேட்டரியை இழுத்து வைக்கலாம். இரண்டு ரெசிஸ்டர்களை அதோடு இணைக்கலாம். ஒரு கிளிக் செய்தால் மின்னழுத்தம் எவ்வளவு, மின்னோட்டம் எவ்வளவு என்று விடை வந்துவிடும். கம்பி தேவையில்லை, எதுவும் புகையாது. "இதிலேயே எல்லாம் செய்துவிடலாமே, லேப் எதற்கு?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பெற்றோருக்கும் அது சரியென்றே தோன்றும். சிமுலேட்டர் நல்ல கருவிதான். ஆனால் முதலில் கையால் அளந்து பார்த்த பிறகே அதைத் திறக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் என்பதை ஓர் எளிய சர்க்யூட்டை வைத்துப் பார்க்கலாம். 9 வோல்ட் பேட்டரி ஒன்று. அதன் குறுக்கே வரிசையாக இரண்டு ரெசிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 1 மெகா ஓம். இரண்டும் சமம் என்பதால் மின்னழுத்தம் சரிபாதியாகப் பிரியும். ஒன்றின் குறுக்கே 4.5 வோல்ட் இருக்க வேண்டும். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. சிமுலேட்டரும் 4.5 என்றே காட்டும்.

இதையே பிரெட்போர்டில் செருகி மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 10 மெகா ஓம் உள்தடை கொண்ட நல்ல டிஜிட்டல் மீட்டர் என்றால் சுமார் 4.29 வோல்ட் காட்டும். விலை குறைந்த டிஜிட்டல் மீட்டர்கள் பலவற்றில் உள்தடை 1 மெகா ஓம்தான். அதில் 3 வோல்ட் வரும். லேப்பில் இருக்கும் பழைய முள் மீட்டர், வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்ற வகை, 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் 1.3 வோல்ட்டுக்குக் கீழேயே முள் நின்றுவிடும். ஒரே சர்க்யூட், மூன்று மீட்டர், மூன்று விடை!

மீட்டர் எதுவும் கெட்டுப்போகவில்லை. அளப்பதற்காக நாம் வைத்த மீட்டரே சர்க்யூட்டில் இன்னொரு ரெசிஸ்டராகச் சேர்ந்துகொள்கிறது. கீழே உள்ள 1 மெகா ஓமுக்கு இணையாக மீட்டரின் 1 மெகா ஓம் சேர்ந்தால் மொத்தம் அரை மெகா ஓம் ஆகிவிடும். எனவே 9 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே கிடைக்கும். அதே இடத்தில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வைத்தால் மூன்று மீட்டர்களும் ஏறக்குறைய 4.5 என்றே சொல்லும். அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பாலும் சொல்ல முடியாது. சிமுலேட்டரில் இருக்கும் மீட்டரோ மின்னோட்டம் எதையும் எடுத்துக்கொள்ளாத கற்பனை மீட்டர். அதனால் இந்தப் பாடம் திரையில் தானாக வராது.

இப்போது சிமுலேட்டரைத் திறக்கலாம். கீழ் ரெசிஸ்டரின் குறுக்கே இன்னொரு 1 மெகா ஓமை வரைந்து ஓட்டுங்கள். 3 வோல்ட் வரும். பிரெட்போர்டில் பார்த்த புதிருக்கு விடை திரையில் கிடைத்துவிட்டது. இந்த வரிசையில் பயன்படுத்தும்போதுதான் உங்கள் கம்ப்யூட்டர் உண்மையிலேயே ஆசிரியராகிறது.

சிமுலேட்டர் எதற்காகப் பிறந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இன்றைய பல சிமுலேட்டர்களுக்கு மூலம் ஸ்பைஸ் என்ற புரோகிராம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நாகெல் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் டொனால்ட் பெடர்சனும் உருவாக்கியது. ஐ.சி. சிப்பின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டைப் பிரெட்போர்டில் கட்டிச் சோதித்தால் அது சிப்பில் நடப்பதைப் போல இருக்காது. தயாரித்த பிறகு தவறு தெரிந்தால் செலவு அதிகம். ஆகவே முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்க ஒரு வழி தேவைப்பட்டது. சர்க்யூட்டை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கான கருவி அது. முதலாண்டு மாணவருக்கு லேப்புக்குப் பதிலாகக் கொடுக்க யாரும் அதை எழுதவில்லை.

சிமுலேட்டரை மட்டும் வைத்தே பாடம் நடத்திய பெரிய முயற்சியும் உண்டு. 2012 மார்ச்சில் எம்.ஐ.டி. தனது சர்க்யூட் பாடத்தை 6.002எக்ஸ் என்ற பெயரில் இன்டர்நெட்டில் இலவசமாகத் தந்தது. நடத்தியவர்களில் முக்கியமானவர் அனந்த் அகர்வால், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். லேப் முழுவதும் பிரவுசருக்குள்ளேயே இருந்தது. பதிவு செய்தவர்கள் சுமார் 1,55,000 பேர், தேறியவர்கள் ஏழாயிரத்துச் சொச்சம். லேப்பே இல்லாத ஊர்களில் இருந்தவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு, மறுக்கவில்லை. நம் மத்திய அரசின் வெர்ச்சுவல் லேப்ஸ் திட்டமும் அப்படித்தான் உதவுகிறது. 2020-ல் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டபோது வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் நல்ல லேப் இருக்கும் கல்லூரியில், அதே கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு திரையைப் பிரிண்ட் எடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

லேப்பிலும் குறை இல்லாமல் இல்லை. ஒரு மேஜைக்கு ஐந்து பேர் நிற்பார்கள். ஒருவர் இணைப்புக் கொடுப்பார், ஒருவர் ரீடிங் சொல்வார், மற்ற மூவர் எழுதிக்கொள்வார்கள். ரீடிங் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால் சீனியரின் நோட்டு கைமாறும். அல்லது விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ரீடிங்கை "உருவாக்குவார்கள்". இதில்தான் படிப்பே வீணாகிறது. தங்க நிறப் பட்டை போட்ட 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 9.5-லிருந்து 10.5 கிலோ ஓம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அப்படியிருக்க, தெவனின் தேற்றத்தைச் சரிபார்த்த நோட்டில் மூன்று தசம இடம் வரை எல்லாம் பொருந்தியிருந்தால் அதைப் பார்த்து ஆசிரியர் சந்தேகப்பட வேண்டும். முழு மதிப்பெண் போடக் கூடாது. நான்கு சதவீதம் வித்தியாசம் எழுதி, அதற்குக் காரணமும் சொல்லும் மாணவருக்கே அந்த மதிப்பெண் போக வேண்டும்.

இங்கே ஒரு செய்தி. ஒரு சந்திப்பில் சேரும் மின்னோட்டங்கள், ஒரு சுற்றில் உள்ள மின்னழுத்தங்கள் பற்றிய தன் இரு விதிகளையும் கிர்ச்சாஃப் வெளியிட்டது 1845-ல். அப்போது அவர் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர், வயது 21.

எனவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதோடு இன்னும் கொஞ்சம் செலவு செய்யலாம். ஒரு பிரெட்போர்டு, ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், பல மதிப்புகளில் ரெசிஸ்டர்கள், சில கெப்பாசிட்டர்கள், நாலைந்து எல்.இ.டி., 9 வோல்ட் பேட்டரி. சென்னையில் ரிச்சி தெருவில் இவை அனைத்தும் கிடைக்கும். குடும்பத்தோடு ஒருமுறை ஓட்டலுக்குப் போகும் செலவுதான். சிமுலேட்டருக்குச் செலவே இல்லை. அனலாக் டிவைசஸ் நிறுவனம் தரும் எல்டிஸ்பைஸ் இலவசம். பிரவுசரிலேயே ஓடும் ஃபால்ஸ்டாட் சிமுலேட்டர் இன்னும் எளிது. மின்னோட்டம் புள்ளிகளாக ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் எந்தச் சோதனையும் வேண்டாம். கம்ப்யூட்டரின் சப்ளை பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். 5 வோல்ட்தானே என்று யூ.எஸ்.பி. போர்ட்டிலிருந்து கம்பி இழுப்பவர்களும் உண்டு. கை தவறி ஷார்ட் ஆனால் புதுக் கம்ப்யூட்டரின் போர்ட் போய்விடலாம். பேட்டரியே போதும்.

பிரெட்போர்டு புதிது என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஓரமாக ஓடும் நீள வரிசை சில போர்டுகளில் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. எல்.இ.டி. எரியவில்லை என்று அரை மணி நேரம் தேடிய பிறகு மீட்டரின் பீப் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். திரையில் வரைந்த கம்பி ஒருநாளும் இப்படி அறுந்திருக்காது.

முதல் சோதனைக்கு மேலே சொன்ன இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 4.29-க்குப் பக்கத்தில் வருகிறதா, 3-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்த்தாலே, நீங்கள் வாங்கிய மீட்டர் எந்த வகை என்பது பெட்டியைப் படிக்காமலேயே தெரிந்துவிடும்.