மென்பொருளுக்குப் பெயர் உண்டு, தறிக்கு?

பிஹான்ஸ் தளத்தில் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் வடிவமைப்பாளர், பயன்படுத்திய கருவிகளைக் குறிப்பதற்கென்றே ஓர் இடம் உண்டு. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் என்று அதை நிரப்புகின்றனர். (2012 முதல் அத்தளம் அடோபி நிறுவனத்தின் உடைமை, இவ்விரு மென்பொருள்களும் அதனுடையவையே. அக்கறையில் வியப்பில்லை.) காட்சிப்பொருள் பாலராமபுரத்துக் கசவுத் துணியாக இருக்கும்போதும் தறியைப் பற்றி ஒரு சொல் இடம்பெறுவது அரிது.

பாலராமபுரம் நெய்யாற்றின்கரை வட்டத்து ஊர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் அங்குக் குடியமர்த்தப்பட்டன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைய, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. இவ்வளவு வரலாறும் இன்று 'கேரளப் புடவை' என்னும் ஒரு குறிச்சொல்லுக்குள் அடக்கப்படுகிறது.

அப்பக்கங்களின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். வடிவமைத்தவர், ஒளிப்படம் எடுத்தவர், உடுத்தி நின்றவர் ஆகியோருக்குப் பெயர் உண்டு. துணி மட்டும் 'கையால் நெய்யப்பட்டது'. செயப்பாட்டு வினை வினைமுதலை மறைப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வகுப்பறைக்குக் கிடைக்காது.

நெசவு வெறும் உடலுழைப்பு, வடிவமைப்பே அறிவு என்று வாதிடுவோர் உளர். பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிட்டு நாரால் நீவுபவரும், குழித்தறியில் அமர்ந்து நாடாவைக் கையால் எறிபவரும், துணி இருபுறமும் ஒரே தோற்றம் கொள்ளுமாறு கசவை இழைப்பவரும் நொடிதோறும் முடிவெடுக்கின்றனர். அம்முடிவுகளுக்கு வடிவமைப்பு என்பதல்லாமல் வேறு பெயர் ஏது?

புவிசார் குறியீடு இருக்கிறதே என்பது அடுத்த வாதம். அது ஊரின் பெயரைக் காக்கும்; நெய்தவர் பெயரைத் தம் பக்கத்தில் எழுதுமாறு எந்த வடிவமைப்பாளரையும் வற்புறுத்தாது. வாடிக்கையாளரோ பக்கத்தில் கண்ட பெயருக்குத்தான் மின்னஞ்சல் அனுப்புவார். அடுத்த பணியும் அதற்கான விலையும் அப்பெயரிடமே செல்லும். நெசவாளருக்கு எஞ்சுவது கூலி.

கைவினை ஆவணமாக்கத்தைப் பாடமாக வைத்திருக்கும் வடிவமைப்புக் கல்லூரிகள் இதில் கைகட்டி நிற்கலாகாது. நெசவாளரின் இசைவோடு அவர் பெயர், தெரு, தொடர்பு எண் மூன்றும் இல்லாத தொகுப்புக்கு மதிப்பெண் வழங்க மறுக்கட்டும். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை; நெறியாளரின் கையொப்பம் போதும்.