மாறுவேட அதிகாரியும் நம் ஊர்க் கல்வெட்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஊர் ஊராகச் சென்று குற்றவாளிகளைப் பிடிக்கும் அதிகாரிகளின் கதை ஜப்பானியருக்கு மிகவும் பிடித்தமானது. 1805இல் எடோ அரசு, தலைநகரைச் சூழ்ந்த எட்டு மாகாணங்களைச் சுற்றிவர உண்மையாகவே இத்தகைய அதிகாரிகளை நியமித்தது. ஒருவர் எல்லையில் குற்றம் செய்தவன் அடுத்தவர் எல்லைக்குள் ஓடித் தப்பியதே காரணம். 1969இல் தொடங்கி 2011 வரை வந்த ‘மிட்டோ கோமோன்’ தொலைக்காட்சித் தொடரில், மாறுவேடத்தில் வரும் பெரியவரின் முத்திரைப் பெட்டியைக் கண்டதும் கொடியவர் மண்டியிடுவர்.

எங்கள் கிராமத்திலும் இந்த நம்பிக்கை உண்டு. “கலெக்டர் ஐயா நேரில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்பார் கைநாட்டு வைக்கும் என் தந்தை. ஆனால் வந்தவர் போன பிறகு? அதுதான் என் கேள்வி.

இதற்கு விடை உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் அரசு அலுவலர் வந்து உடனிருக்க, சபை குடவோலை விதிகளை வகுத்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். வந்த அலுவலர் சென்றுவிட்டார். விதி கல்லில் நின்றது.

இதைப் பெருமையோடு மேடையில் பேசுகிறோம். ஆனால் முழுவதும் படிக்க வேண்டாமா? கால் வேலிக்கு மேல் இறை நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை உடையவர் பெயரே குடத்தில் விழும். நிலமற்ற என் முன்னோர் பெயர் அதில் ஒருநாளும் விழுந்திராது.

இன்று நிலை வேறு. 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, கிராம சபையில் வாக்காளர் எவரும் அமரலாம். வரவு செலவைக் கேட்கலாம். நிலம் வேண்டா, வேதமும் வேண்டா.

சென்ற அக்டோபர் 2 அன்று நான் எழுந்து, ஏரிக்கால்வாய் தூர்வாரிய கணக்கைக் கேட்டேன். “உட்காருடா” என்று சட்டையைப் பிடித்து இழுத்தார் தந்தை. கணக்கு வாசிக்கப்பட்டது. வீடு திரும்பும்போது அவர் கேட்டார்: “அடுத்த கூட்டம் எப்போடா?”

மாணவ நண்பர்களே! முத்திரைப் பெட்டியோடு எவரும் வரப்போவதில்லை. ஜனவரி 26 அன்று உங்கள் ஊர்க் கூட்டத்திற்குச் செல்லுங்கள். பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.