ஒன்பது நிமிடங்களுக்காக ஒரு நாள்



நாங்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். எங்கள் 9 வயது மகன் மல்யுத்தம் பயில்கிறான். இங்குச் சிறுவர் மல்யுத்தப் போட்டிகள் குளிர்காலத்தின் வார இறுதிகளில் நடைபெறுகின்றன. கடந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, ஃபஜ்ர் தொழுத கையோடு புறப்பட்டுக் காலை 7 மணிக்கு எடை பார்க்கும் வரிசையில் நின்றோம். அவனுடைய முதல் ஆட்டம் தொடங்கியபோது மணி 10.30. மூன்றாவது ஆட்டம் முடிந்தபோது மாலை 5 மணி. அங்கு இவ்வயதினருக்கு ஓர் ஆட்டம் என்பது ஒரு நிமிடச் சுற்றுகள் மூன்று. மூன்று ஆட்டங்களும் முழுமையாக நடந்தாலும் 9 நிமிடங்களே. அதற்காக நாங்கள் அளித்தது 10 மணி நேரம்.

எப்போது பெயர் அழைக்கப்படும் என்று தெரியாததால் எவரும் வெளியே செல்ல இயலவில்லை. நான்கு வயது மகள் பலகை இருக்கையில் அழுதாள், உறங்கினாள், மீண்டும் அழுதாள். மாலை 4.30 மணிக்கே சூரியன் மறையும் பருவம் அது. லுஹர், அஸர், மஃரிப் ஆகிய மூன்று வக்துகளும் அக்கூடத்திலேயே வந்து சென்றன. ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் படிக்கட்டின் ஓரத்தில் தொழுதோம். திரும்பும் வழியில், மல்யுத்தத்தை உயிராக நேசிக்கும் மகன் கேட்டான்: "அடுத்த வாரமும் போக வேண்டுமா, வாப்பா?" தோல்வியால் பிறந்த கேள்வி அன்று அது, அன்று அவன் இரண்டு ஆட்டங்களில் வென்றிருந்தான்.

எங்கள் குறை மல்யுத்தத்தின் மீது அன்று. நபி (ஸல்) அவர்கள் ருகானா என்னும் மல்லருடன் மல்யுத்தம் செய்த செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ளது. உடல் வலிமையும் தோல்வியைத் தாங்கும் மனமும் பிள்ளைகளுக்கு வேண்டும் என்றே விரும்புகிறோம். போட்டியை ஏற்பாடு செய்வோரையும் நாங்கள் பழிக்கவில்லை. அவர்களுள் பலர் ஊதியமின்றி உழைக்கும் பெற்றோர்கள். நுழைவுக் கட்டணத்தில் கிடைக்கும் வருமானமே பல சிறு மன்றங்களை நடத்திச் செல்கிறது.

ஆயினும் இந்நீளம் விளையாட்டின் இயல்பு அன்று, திட்டமிடுதலின் குறை. ஒரு கணக்கைப் பாருங்கள். 300 சிறுவர்களை நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்தால் 75 குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் அனைவரும் அனைவருடனும் மோதினால் 6 ஆட்டங்கள். ஆக மொத்தம் 450. அழைப்பதையும் ஆயத்தத்தையும் சேர்த்து ஆட்டத்துக்கு 5 நிமிடம் எனக் கொண்டால், 4 விரிப்புகளில் ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகும். பதிவு முடிந்த அன்றே இது தெரிந்துவிடும். தெரிந்த பின்பும் 300 பேரையும் காலை 7 மணிக்கே வரச் சொல்வதுதான் பிழை.

இளையோரைக் காலையிலும் மூத்தோரைப் பிற்பகலிலுமாக இரு பிரிவாக அழைத்தால், அதே கூடத்தில், அதே விரிப்புகளில், ஒவ்வொரு குடும்பமும் ஐந்து மணி நேரத்துக்குள் வீடு திரும்பலாம். மன்றத்தின் வருமானத்தில் ஒரு டாலரும் குறையாது. சில இடங்களில் இவ்வாறே நடத்துகிறார்கள். அங்குச் சென்ற நாள்களில் நாங்கள் மதிய உணவை வீட்டில் உண்டிருக்கிறோம்.

ஆகவே பெற்றோர்களே, கட்டணம் செலுத்துவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேருக்கு வரம்பு? எத்தனை விரிப்புகள்? வயதுவாரியாக நேரம் பிரிக்கப்பட்டுள்ளதா? தெளிவான விடை இல்லையேல் அவ்வாரம் விலகி நிற்பதில் தவறில்லை. நன்றாக நடத்தியவர்களுக்கு நன்றி தெரிவித்து எழுதுங்கள். அவ்வாறு நடத்தாதவர்களுக்கும் கனிவோடு எழுதுங்கள்.

நேரம் அல்லாஹ் நமக்களித்த அமானிதம். நம்மீது உரிமை உடையவர்களுள், இருக்கையில் அழுது உறங்கிய அந்தச் சிறுமியும் ஒருத்தி. விளையாடும் பிள்ளைக்காக ஒரு பொழுதை மகிழ்ச்சியோடு தருவோம். நாள் முழுவதையும் கேட்பவர்களிடம், ஏன் என்று கேட்போம்.