கூச்சத்தை விட்டுக் கேளுங்கள்



கல்லூரிகள் திறந்துவிட்டன. சங்கரன்கோவிலிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் செஞ்சியிலிருந்தும் பிள்ளைகள் ஒரு பெட்டியும் ஒரு பக்கெட்டுமாகச் சென்னை எழும்பூரிலும் கிளாம்பாக்கத்திலும் வந்து இறங்குகிறார்கள். முதல் தவணைக் கட்டணத்தை வீட்டில் எப்படியோ புரட்டிக் கட்டிவிடுகிறார்கள். ஜெராக்ஸ், பஸ், மெஸ் பாக்கி, செல்போன் ரீசார்ஜ் என்று கைச்செலவு கடிக்கத் தொடங்குவது இரண்டாவது மாதத்தில்தான். மறுபடியும் அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கத்தில், "பார்ட் டைம் வேலை ஏதாவது கிடைக்குமா?" என்று விசாரிக்கிறார்கள். அவர்களோடும், அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளக்கூடிய வாசகர்களோடும் இந்த மாதம் பேச விரும்புகிறேன்.

தம்பி, தங்கைகளே, வேலை தேடும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. உங்களுக்கு உரிய அந்தப் பணம் வருகிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். சென்னையில் ஒரு மாதத்துக்கு அது போதாது. ஆனாலும் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கை அது குறைக்கும்.

இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. எந்த மாதத்தில் எங்கே ஆள் தேவைப்படும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆடியில் கல்யாணம் கிடையாது, கேட்டரிங் படுத்துவிடும். அதே ஆடியில் தி.நகர், புரசைவாக்கம் ஜவுளிக் கடைகளில் தள்ளுபடி விற்பனை தொடங்கும், தீபாவளி வரைக்கும் ஆள் எடுப்பார்கள். ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள். மார்கழியில் மண்டபங்கள் ஓய்ந்திருக்க, கச்சேரி சீசனில் சபா கேன்டீன்கள் களைகட்டும். பொங்கலையொட்டிப் புத்தகக் காட்சி. தையில் மறுபடி கல்யாணங்கள். பொதுத்தேர்வு நெருங்க நெருங்க வீட்டுக்கு வீடு டியூஷன் தேடுவார்கள்.

இவற்றில் புதிதாக வருபவருக்குச் சீக்கிரம் கிடைப்பது பந்தி பரிமாறும் வேலை. கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை இருந்தால் போதும். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை டிபன், மதியம் சாப்பாடு என்று வேளைக் கணக்கில் கூலி. விடிகாலை நாலு மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். இலையில் எது எந்தப் பக்கம், இனிப்புக்குப் பிறகு எது வர வேண்டும் என்ற வரிசை ஒரே பந்தியில் பிடிபட்டுவிடும். ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்காருவதற்குள் இலையெடுத்து, பேப்பரைச் சுருட்டி, புதுப் பேப்பர் விரித்து, தண்ணீர் பாட்டில் வைக்கும் வேகம்தான் பழக நாளாகும். சாம்பார் வாளியோடு நாலு பந்தி நடந்தால் தோள்பட்டை விட்டுப்போகும். அந்த உழைப்புக்குப் பிறகு, "அடுத்த முகூர்த்தத்தில் சேர்த்துத் தருகிறேன்" என்று ஆள் கூட்டிவந்தவர் சொல்வதுதான் கொடுமை.

அதனால் வேலைக்குப் போகும் முன்பே கேளுங்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு? கையில் எப்போது வரும்? இடையில் கமிஷன் பிடிப்பார்களா? ராத்திரி பதினொரு மணிக்கு மேல் முடிந்தால் எப்படித் திரும்புவது? சம்பளம் பேசுவது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் பழக்கிவிட்டார்கள். முகம் சுளிக்காமல், தெளிவாக, முதலிலேயே பேசுகிறவரைத்தான் நல்ல முதலாளி நம்புவார்.

வேலை கேட்பதிலும் ஒரு நேரம் காலம் உண்டு. கடையில் கூட்டம் நெரியும் மாலையில் போய் நிற்காதீர்கள். மதியம் மூன்று மணிவாக்கில் போங்கள். "எந்த வேலையானாலும் செய்வேன்" என்பதைவிட, "திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்திலிருந்து எட்டு வரை வர முடியும்" என்று சொல்லுங்கள். டியூஷன் எடுக்க நினைப்பவர்கள் ஹாஸ்டலுக்குப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரைப் பாருங்கள். ஹாஸ்டல் கதவு எட்டு மணிக்கெல்லாம் சாத்தப்படும் தங்கைகளுக்கு இது தோதான வேலை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை என்பதால், இரண்டு மூன்று ஸ்டாப் தள்ளிப்போவதும் செலவில்லை.

வேலை கிடைக்கும் இடங்களில் எங்களுக்கு நெருக்கமானது சென்னைப் புத்தகக் காட்சி. 1977-இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் தொடங்கி இன்று பெருங்கூட்டம் கூடும் விழாவாக வளர்ந்திருக்கும் அங்கே, அரங்குகளில் பில் போடுவதும் கட்டுப் பிரித்து அடுக்குவதும் பெரும்பாலும் மாணவர்கள்தாம். முதல் நாள் திகைத்து நிற்கும் பையன், நாலைந்து நாளில் வாசகர் பெயர் சொல்வதற்குள் புத்தகத்தை எடுத்து நீட்டுவதைப் பார்த்துப் பூரித்திருக்கிறேன். பதிப்பகங்களை டிசம்பர் தொடக்கத்திலேயே அணுகிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வேலை தருவதற்குப் பணம் கேட்பவர் வேலை தர மாட்டார். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்பார்கள். முதலில் நூறு, இருநூறு வரவும் செய்யும். பிறகு "டாஸ்க்" என்று உங்கள் பணத்தைப் போடச் சொல்வார்கள். போட்டது திரும்பாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கிப் பிடிப்பது கடினம். இன்னொன்று இதைவிட ஆபத்து. கமிஷன் ஆசை காட்டி உங்கள் வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ கேட்பார்கள். மோசடிப் பணம் அதன் வழியாகப் போனால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்.

வேலை உங்கள் படிப்பை விழுங்கவும் விடாதீர்கள். உணவு டெலிவரியில் மழை இரவில் இன்சென்டிவ் கூடுவதால் இன்னும் ஒரு ஆர்டர், இன்னும் ஒரு ஆர்டர் என்று நேரம் போகும். மறுநாள் முதல் வகுப்பில் கண் சொக்கும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும்.

இனி, கடையும் மண்டபமும் பதிப்பகமும் நடத்தும் வாசகர்களுக்கு. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பகுதி நேரமாக வரும் பிள்ளைக்கும் ஒரு ஸ்டூல் போடுங்கள். தேர்வு வாரத்தில் லீவு கொடுங்கள், திரும்பி வரும்போது இடத்தையும் கொடுங்கள். பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளைக் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்வது உங்கள் கையில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்